ஆறு பத்துக்குத் திரும்பாத தண்ணீர்

பாகாலாவில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றையும் விட விசித்திரமாகப் பட்டது இதுதான். மலையும் வேர்க்கடலைக் கொல்லையும் கரும்புத் தோட்டமும் சூழ்ந்த ஊரில் காற்று கிழக்கே இருந்து வந்தால் என்ன, மேற்கே இருந்து வந்தால் என்ன? ஆனால் நானோ இருபத்து மூன்று வயது வரை கடற்கரைக் குப்பத்தில் வளர்ந்தவன். காலையில் எழுந்ததும் வெளியே வந்து கிழக்கே பார்த்து நின்று, எந்தக் காது குளிர்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. இடது காது குளிர்ந்தால் வாடை. வலது காது குளிர்ந்தால் தென்காற்று. அதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு வலையைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவாகும். சித்தூர்ப் பக்கத்துப் பாகாலா ஜங்ஷனில் ரயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை கிடைத்து வந்த பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஃபிட்டர் ரெட்டெப்பா பத்து நாள் இதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் மிகுந்த மரியாதையோடு வந்து, "சூர்ய நமஸ்காரமா?" என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல் 'அவுனு', அதாவது ஆமாம். அதையே சொல்லி வைத்தேன். அன்று முதல் ஸ்டேஷன் முழுக்க எனக்கு நல்ல பக்திமான் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சட்டியில் கருவாடு வறுத்தபோது அந்தப் பெயர் புகையோடு போயிற்று.

ஆந்திரா தனி மாநிலமாகி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்துத் தமிழர்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு மாநிலத்துக்காரர்கள் ஆகியிருந்தார்கள். நான் அப்படி அல்ல, ரயிலேறி வந்தவன். என்னை அவர்கள் 'அரவவாடு' என்றார்கள். தமிழன் என்று பொருள். திட்டுவதற்கும் அதே சொல்தான், அன்பாகக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான். குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரெட்டெப்பா ஒரு தடவை என் ஊர் எது என்று கேட்டார். கொஞ்சம் தெலுங்கு வந்துவிட்ட தைரியத்தில், "மா ஊரு நீள்ளலோ உந்தி" என்றேன். எங்கள் ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. வெள்ளத்தில் ஊர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் புத்தலப்பட்டிலிருந்த தன் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டையில் வெல்லம் கொண்டுவந்து என் அறையில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. திருத்துகிற அளவுக்குத் தெலுங்கும் இல்லை, அந்த வெல்லத்தைத் திருப்பிக் கொடுக்க மனமும் இல்லை.

என் ஊர் உண்மையில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, அதில் எங்கள் குப்பம். ஏரி என்றாலும் உப்புத் தண்ணீர். ஒரு முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உள்ளே வரும், வெளியே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கிக் கிடக்கும். தை பிறந்து வாடை தணிந்த பிறகு தண்ணீர் தெளியும். மாசியிலும் பங்குனியிலும், ஏரிக்குள் வளர்ந்த இறாலும் மடவை மீனும் கடலுக்குத் திரும்பும். வெயில் முற்றினால் முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு அறுவடை. தண்ணீர் கடல் பக்கம் வற்றத் தொடங்குகிற நேரம் பார்த்து, இடுப்பளவு ஆழத்தில் கழி ஊன்றி வலையை விரித்துவிட்டால், தண்ணீரின் ஓட்டமே மீனைக் கொண்டுவந்து வலைப்பையில் சேர்த்துவிடும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. இடமும் நேரமும்தான் முக்கியம்.

இப்படி வலை ஊன்றுகிற இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். சில பாடு நன்றாக விழும், சில பாடுகளில் நண்டும் பாசியும்தான் வரும். அதனால் அடிதடி வரக் கூடாது என்று, மாசி மகம் முடிந்த மூன்றாம் நாள் எல்லம்மா கோயிலுக்கு எதிரே சீட்டு எடுப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு ஓலை நறுக்கு, அதில் அவன் பெயர். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வலை வைத்திருக்கும். யாருக்கு முறை வருகிறதோ, அன்றைக்கு அவன்தான் முதல் கழியை ஊன்ற வேண்டும். வலையை விரி என்று சொல்லவேண்டியவனும் அவனே. அவன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. ஓட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு ஆளுக்கொரு பேச்சுப் பேசினால் உயிர் போய்விடும் என்பதற்காக ஏற்பட்ட கட்டுப்பாடு இது. பெயர் பட்டியலில் நிலைக்க இரண்டே நிபந்தனை. வருஷம் முழுக்க அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வருஷத்தில் ஒரு முறையாவது அவனே தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்ற வேண்டும். பெயர் ஒரு தடவை போனால் போனதுதான். அவனுக்கு மட்டுமல்ல, அவன் பிள்ளைகளுக்கும் இல்லை.

அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நானும் என் மனைவி தனமும் ஆறு வருஷம் பிரிந்து வாழ்ந்தோம். நான் பாகாலாவில். அவள் குப்பத்தில், எங்கள் வீட்டு அடுப்புக்குக் காவலாக. ஒவ்வொரு மாசியிலும் லீவு கேட்பேன். முதல் தடவை ஸ்டேஷன் மாஸ்டர் என்ன காரணம் என்றார். தண்ணீரில் கழி நட வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குலதெய்வச் சடங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. மீட்டர்கேஜ் வண்டியில் கூடூர் போய், அங்கே வண்டி மாறிப் பொன்னேரியில் இறங்கி, பிறகு பஸ், பிறகு படகு. போய்ச் சேர்வதற்குள் ஒரு பகல் போய்விடும். கரையில் தனம் நிற்பாள். பதினைந்து நாள் குடித்தனம். பிறகு பாகாலாவுக்கே வந்துவிடுவேன். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிற குடும்பங்கள் பிளாட்பாரத்தில் ஒரே இலையில் தயிர்சாதம் பிசைந்து தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த மலையின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள், ஏழுமலை. அந்தக் குடும்பங்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது வருஷம் தை மாதம் எனக்கு டைபாய்டு வந்தது. ரெட்டெப்பா தந்தி கொடுத்தார். தனம் ஓடி வந்தாள், இடுப்பில் மூன்று வயது மகளோடு. கிளம்புவதற்கு முன் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் சாவியைக் கொடுத்து, தினமும் அடுப்பை மூட்டச் சொல்லியிருந்தாள். நாற்பது நாள் எனக்குக் கஞ்சி வைத்தாள். அந்த நாற்பது நாளில்தான் சுற்றிலும் ஒரே பேச்சாக இருந்தது. எல்லைத் தகராறு முடிகிறது, திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது என்றார்கள். தங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது என்று நகரிக்காரர்கள் சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். படுத்த படுக்கையில் எனக்கு அதெல்லாம் தூரத்து வண்டிச் சத்தமாகக் கேட்டது. மாசி மகம் எத்தனை நாளில் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நடக்க முடிந்ததும் கிளம்பிவிட்டோம். சீட்டு எடுக்கிற நாள் குப்பமே கோயில் எதிரே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். என் ஓலையைக் கையில் எடுத்தவர் அதைப் பானையில் போடாமல் நிறுத்தினார்.

"ஏழுமல, ஒன் ஊட்ல அடுப்பு எரிஞ்சிதா?"

"எரிஞ்சிது நாட்டாரே."

"அடுப்புல இன்னா வெந்துச்சி?"

நான் வள்ளியம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். "சுடுதண்ணிதான் வெச்சேன். எல்லம்மா எதிர்ல நின்னுக்கினு பொய் பேச மாட்டேன்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னால் இருந்து ஒருவன், "கோடு போடறாங்களாமே, இவன் அந்தப் பக்கத்து ஆளா, இந்தப் பக்கத்து ஆளா?" என்று கேட்டான். நாட்டார் அவனைத் திரும்பிப் பார்த்து, "தண்ணியில போட்ட கோட்ட நாளைக்கி வந்து காட்டு, அப்பறம் பேசலாம்" என்றார். அவன் அடங்கிவிட்டான். ஆனால் ஓலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்களை யாராவது கேட்டால் ஒழிய அவர்கள் பேசுவதில்லை. வள்ளியம்மாவைக் கேட்டார்கள், பேசினாள். தனத்தை யாரும் கேட்கவில்லை. அவளாக எழுந்தாள்.

"நான் சோறாக்குனேன் நாட்டாரே. பாகாலாவுல ஆக்குனேன். துன்னது இந்தக் குப்பத்து ஆளுதான். அடுப்பு எந்த ஊருன்னு பாக்கறதா இருந்தா, அவர அங்க சாவ உட்டுட்டு வந்து நான் இங்க ஒல வெச்சிருக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. நாட்டார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு சொல்றதுல நாயம் கீது" என்றார். "ஓலையப் போடுங்க. ஆனா மொதக் கழிய அவனேதான் ஊணணும். காச்சல் கீச்சல்னு அதுக்குச் சாக்கு கெடையாது." ஓலை பானைக்குள் விழுந்தது. தனத்தின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சீட்டில் எங்களுக்கு விழுந்தது முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாடு. அதற்கு மேல் நல்ல பாடு கிடையாது.

முறைக்கு முந்தின நாள் காலையில் நான் தனியாகப் போய் முகத்துவாரத்து மணலில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். உள்ளே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் தயங்கி நின்று, மெதுவாகக் கடல் பக்கம் திரும்பியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து. திருப்தியாக வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். நான், தனத்தின் அண்ணன் கோவிந்தன், எங்கள் வலையில் பங்குள்ள இன்னொருவர். மாசித் தண்ணீர் எலும்பில் குத்தியது. காய்ச்சலில் இளைத்த உடம்புக்குக் கழி கனத்தது. சுற்றிலும் மற்றப் பாடுகளில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் உதவ முடியாது, உதவினால் கழி என்னுடையது ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். நாலாவது அடியில் கழி தரையைப் பிடித்து நின்றது. அழுகை வந்துவிட்டது எனக்கு. முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரோடு அதையும் துடைத்துக்கொண்டேன். மற்றக் கழிகளை அவர்கள் இருவரும் ஊன்றினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து.

"விரி மச்சான்" என்றேன்.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். "மாப்ளே..." என்று இழுத்தான்.

"ஆறு பத்து ஆயிடிச்சி மச்சான். விரி."

அவன் வலைக் கயிற்றை அவிழ்த்தான். முறைக்காரன் சொல்லிவிட்டேன், மறுவார்த்தை கிடையாது. வலையை விரித்தார்கள். தண்ணீர் இன்னும் கடலிலிருந்து உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் நீள வேண்டிய வலைப்பை எங்களை நோக்கித் திரும்பி வந்து கழிகளில் சுற்றிக்கொண்டது. பாரம் தாங்காமல் நான் ஊன்றிய கழி சாய்ந்து, பிடுங்கிக்கொண்டு மிதந்தது. கூட வந்தவரின் கால் வலையில் மாட்டியது. கோவிந்தன் முங்கிப் போய்க் கத்தியால் வலையை அறுத்துத்தான் அவரை விடுவித்தான். நாங்கள் கிழிந்த வலையை மணல் திட்டில் இழுத்துப் போட்டபோது, தண்ணீர் நிதானமாகத் திரும்பத் தொடங்கியது. மணி ஏழை நெருங்கியிருந்தது. பக்கத்துப் பாடுகளில் வலைகள் நிரம்பின. மூன்று குடும்பத்தின் முறை, அந்த மாசியின் நல்ல ஓட்டம், என் ஒரு வார்த்தையில் போயிற்று.

தண்ணீர் நேற்றுத் திரும்பிய நேரத்துக்கு இன்றைக்குத் திரும்பாது. தினமும் இரண்டு நாழிகை, அதாவது முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல், பிந்தும். இது எங்கள் குப்பத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யாராவது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஆறு வருஷமாக நான் வண்டிகளோடு வாழ்ந்தவன். நேற்று ஆறு பத்துக்கு வந்தது இன்றும் ஆறு பத்துக்கு வரும். வராவிட்டால் அது லேட், அதற்கு யாரோ ஒருவர் விளக்கம் எழுத வேண்டும். அந்தப் புத்தியோடுதான் நான் முகத்துவாரத்தில் நின்றேன். தண்ணீர் என் இடுப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்ததை என் உடம்பு உணர்ந்தது. நான் உடம்பை நம்பவில்லை, மணிக்கட்டை நம்பினேன்.

"பரவால்ல மாப்ளே, காச்சல் ஒடம்பு" என்றான் கோவிந்தன். கூட வந்தவரும் கால் காயத்தைக் கட்டிக்கொண்டே, ஆமாம், காய்ச்சல் உடம்புதான் என்றார். அவர்கள் எனக்காகவே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும். கழி ஊன்றியதை ஊரே பார்த்தது. வலை போனதற்குக் காய்ச்சல் காரணம் என்று முடிந்திருக்கும். சாயங்காலம் நாட்டாரும் அதையேதான் கேட்டார்.

"காச்சலாடா?"

"இல்ல நாட்டாரே. கடியாரம் பாத்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கோயில் எதிரே சிரித்தவர்கள்கூட இப்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த வருஷமும் என் சொல்லுக்கு இவர்கள் மறுவார்த்தை பேசமாட்டார்கள். அடுத்த வருஷம் வலையோடு ஆளும் போகலாம்.

"எம் பேர எடுத்துடுங்க" என்றேன்.

தனத்தைக் கேட்காமல் சொன்னேன். என்னைப் போலக் கடலை விட்டு மேட்டுக்குப் பிழைக்கப் போன எவனாவது இதைப் படித்தால், அவனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். நான் சொன்னது நியாயம், சொன்ன விதம் அநியாயம். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னைப் பார்த்து, "ஆறு வருசம் நான் எரிச்ச அடுப்ப ஒத்த வார்த்தையில அணச்சிட்டியேய்யா" என்றாள். பிறகு மூன்று நாள் பேசவில்லை. படகிலும் பேசவில்லை, ரயிலிலும் பேசவில்லை. கூடூரில் வண்டி மாறும்போது மகளை என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திர மூட்டையைத் தான் தூக்கிக்கொண்டாள். அம்மி ஒன்றை மட்டும் வள்ளியம்மா வீட்டில் விட்டு வந்திருந்தாள். கனம் அதிகம் என்று காரணம் சொன்னாள்.

பாகாலாவில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பங்குனியில் எல்லை மாறியது. சத்தியவேடுப் பக்கத்திலிருந்து வந்த பயணிகள், வண்டியிலிருந்து இறங்கும்போதே இனி நாங்கள் எந்தத் தாலுகாக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள், ரயில்வே சட்டை போட்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து. ரெட்டெப்பா வீட்டுக்கு வந்து, உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெலுங்கில் விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் தனம் உள்ளேயிருந்து, "ரெண்டு பக்கமும் இல்ல" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நல்லது நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வருஷம் கழித்துக் கோவிந்தனின் மகளுக்குக் காது குத்து என்று மறுபடி குப்பத்துக்குப் போனோம். மாசி மாதம், நல்ல ஓட்டம். வள்ளியம்மா ஓடி வந்து தனத்தைக் கட்டிக்கொண்டாள். காலையில் நான் கரைக்குப் போனேன். மூன்று குடும்பத்தின் வலையில் என் இடத்தில் வேறு ஒருவர் சேர்ந்திருந்தார். வேலை நன்றாகவே நடந்தது. வலையை மணலில் கொட்டினார்கள். மடவை துள்ளியது, இறால் குவியலாகக் கிடந்தது. நான் கொஞ்சம் தள்ளி, பொன்னேரியிலிருந்து வந்திருந்த மீன் வியாபாரிகளோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கால் தானாக அங்கே போய் நின்றது. பங்கு பிரிப்பதற்கு முன்னால் கோவிந்தன் குனிந்து, குவியலில் பெரியதாக நாலு மடவையைப் பொறுக்கி, ஓலையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஊருக்கு எடுத்துக்கினு போ மாப்ளே" என்றான்.

எங்கள் கரையில் சொந்த ஆளுக்கு மீனை யாரும் கையில் கொடுப்பதில்லை. அவன் காலடியில் மணலில் வீசிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், அவன் குனிந்து பொறுக்கிக்கொள்வான். கையில் கொடுப்பது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு. கோவிந்தன் இரண்டு கையாலும் கொடுத்தான். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.